2147483647-ல் நின்றுபோன டேபிள்

அந்த டேட்டாபேஸ் டேபிளில் மொத்தமே 2000 ரோதான், அதாவது 2000 பதிவுகள்தான், இருந்தது. ஆனால் ஒவ்வொரு ரோவுக்கும் டேட்டாபேஸ் தானாகவே கொடுக்கும் ஐடி எண்கள் தீர்ந்துபோய்விட்டன. கேட்டால் யாரும் உடனே நம்புவதில்லை, பிரச்சினை கண்முன்னால் நடந்துகொண்டிருந்தபோது எனக்கும் அப்படி ஒன்று தோன்றவே இல்லை. அன்று நடந்ததை முழுதாகச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன், ஏனென்றால் ஆட்டோ ஐடி பற்றி நான் உருப்படியாகக் கற்றது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

வெப்பநிலை அளக்கும் கருவிகள் 2000. ஒவ்வொன்றும் 10 விநாடிக்கு ஒரு முறை தன் அளவை அனுப்பும். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் ஒரு கருவிக்கு ஒரு ரோ என்று டேபிள் போட்டிருந்தேன். ஐடி என்பது இன்ட் (32 பிட் முழு எண்), ஆட்டோ இன்கிரிமென்ட் (தானாகவே அடுத்த எண்ணை எடுக்கும்), அதுவே பிரைமரி கீ (ரோவின் அடையாளம், இரண்டு ரோவுக்கு ஒன்றே இருக்க முடியாது). கருவியின் சீரியல் எண்ணுக்குத் தனியாக ஒரு யூனிக் இன்டெக்ஸ், ஒரே எண் இரண்டு முறை வராது. அளவு வந்ததும் 'இன்சர்ட், ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' என்று ஒரே க்வெரி (டேட்டாபேஸுக்கான கட்டளை) ஓடும். கருவி புதிது என்றால் ரோ சேரும், ஏற்கெனவே இருந்தால் வெப்பநிலை மட்டும் மாறும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் புதிதாக ஒரு கருவியைச் சேர்த்தோம். அந்த நிமிடத்திலிருந்து மற்ற கருவிகள் எல்லாம் அப்படியே உறைந்துவிட்டன, கடைசியாக வந்த அளவிலேயே நிற்கின்றன. புதுக் கருவி மட்டும் கணத்துக்குக் கணம் 4, 31, 22, 7 என்று தாவிக்கொண்டிருந்தது. எரர் லாகில் ஒரு வரிகூட இல்லை. முதலில் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை மாட்டினோம், அதுவும் அதே மாதிரி தாவியது. நெட்வொர்க்கைப் பார்த்தோம், கேஷைக் காலி செய்தோம். கடைசியில் அந்த ரோவை டேபிளிலேயே திறந்து பார்த்தபோது ஐடி 2147483647 என்று இருந்தது. குறியுள்ள 32 பிட் இன்ட் தாங்கும் கடைசி எண் அது. அதற்கு மேல் படி இல்லை.

என்ன நடந்தது என்றால், அந்த க்வெரி ஒவ்வொரு முறை ஓடும்போதும் மைஎஸ்கியூஎல் முதலில் ஒரு புது ஐடியை எடுத்துவிடுகிறது. அதற்கு அப்புறம்தான் சீரியல் எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அப்டேட்டுக்குத் திரும்புகிறது, ஆனால் எடுத்த எண்ணைத் திருப்பி வைப்பதில்லை. ஒரு ரோகூடச் சேராமலேயே விநாடிக்கு 200 எண் வீணாகிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் சுமார் 124 நாளில் உச்சவரம்பு வந்துவிடும், வந்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உச்சவரம்பைத் தொட்டவுடன் ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் 2147483647 என்ற எண்ணே கிடைத்தாலும் அந்த எண்ணில் ரோ எதுவும் இல்லாததால் பிரைமரி கீ மோதவில்லை, சீரியல் எண்தான் மோதியது, சரியான ரோ அப்டேட் ஆனது. புதுக் கருவி வந்து அந்த எண்ணில் உட்கார்ந்த பிறகுதான் விபரீதம். அதற்கப்புறம் எந்தக் கருவியின் அளவு வந்தாலும் பிரைமரி கீ முதலில் மோதுகிறது, மோதினால் அப்டேட் செய் என்று நான்தான் எழுதி வைத்திருக்கிறேன், ஆகவே 2000 கருவிகளின் அளவும் அந்த ஒரே ரோவில் போய் விழுந்தது. சாதாரண இன்சர்ட்டாக இருந்திருந்தால் 'டூப்ளிகேட் என்ட்ரி' என்று முதல் நொடியிலேயே கத்தியிருக்கும்.

அன்றிலிருந்து ஐடி விஷயத்தில் நான் ஒன்றை விடாப்பிடியாகச் சொல்லிவருகிறேன். இந்த ரோ வேறு, அந்த ரோ வேறு என்று காட்டுவது மட்டும்தான் ஐடியின் வேலை. எத்தனை ரோ இருக்கிறது, எது முதலில் வந்தது, எது எப்போது வந்தது, நடுவில் ஏதாவது காணாமல் போனதா, இவற்றுக்கெல்லாம் அதனிடம் பதில் கேட்கக் கூடாது. பெரும்பாலான நேரம் பதில் சரியாக இருப்பது போலவே தெரியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

எடுத்த எண்ணை ஏன் திருப்பி வைப்பதில்லை? சோம்பலால் அல்ல. இரண்டு பேர் ஒரே நேரத்தில், முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரு வேலைக்கட்டான டிரான்சாக்‌ஷன் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் 501 வாங்குகிறார், இரண்டாவது ஆள் 502. இரண்டாவது ஆள் கமிட் செய்து (மாற்றத்தை உறுதிசெய்து) போய்விட்டார், முதல் ஆள் ரோல்பேக் செய்கிறார் (ரத்து செய்கிறார்). இப்போது 501 காலி. இப்படி ஓட்டை விழவே கூடாது என்றால் முதல் ஆள் முடிக்கும்வரை இரண்டாவது ஆளைக் காக்க வைக்க வேண்டும், அவருக்குப் பின்னால் மூன்றாவது ஆள், நான்காவது ஆள் என்று டேபிளில் எழுத வருகிற எல்லோரும் ஒற்றை வரிசையில் நிற்க வேண்டும். அதனால்தான் எண் கொடுக்கும் கவுன்டரை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் எண் கொடுக்கும் சீக்வென்ஸிலும் இதே கதைதான், நெக்ஸ்ட்வேல் என்று கேட்டு வாங்கிய எண் ரோல்பேக் ஆனாலும் திரும்பாது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வரில் 2012 பதிப்பிலிருந்து ஐடென்டிட்டி (அங்கே ஆட்டோ ஐடிக்குப் பெயர்) எண்களை முன்கூட்டியே மொத்தமாக எடுத்து மெமரியில் வைத்துக்கொள்கிறது, சர்வர் திடீரென்று நின்று மறுபடி எழுந்தால் இன்ட் ஃபீல்டில் ஒரேயடியாக 1000 தாவும். நடுவில் 1000 ரோவை யாரோ அழித்துவிட்டார்கள் என்று அலறியடித்து வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அழிக்கவில்லை.

ஓட்டை பிடிக்காமல்தான் பலர் 'மேக்ஸ் ஐடியோடு ஒன்றைக் கூட்டு' என்று தாங்களே எண் போடத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரே ஆள் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும்போது அது ஒருநாளும் தப்பாது. இரண்டு கனெக்‌ஷன் ஒரே கணத்தில் வந்தால், முதலாவது பெரிய ஐடி எது என்று கேட்கிறது, 7 என்று பதில் வருகிறது. அது இன்னும் எழுதவில்லை, அதற்குள் இரண்டாவதும் கேட்கிறது, அதற்கும் 7 தான். இரண்டும் 8 என்று எழுதப் போகின்றன. பிரைமரி கீ இருந்தால் ஒன்று எரர் வாங்கித் தப்பிக்கும். பிரைமரி கீ இல்லாத பழைய டேபிளாக இருந்தால் இரண்டு ஆர்டருக்கும் எண் 8, இரண்டின் பொருட்களும் ஒன்றாகக் கலந்துவிடும், பிரித்தெடுக்க வழியே இருக்காது. நானே அப்படி ஒரு டேபிளை உட்கார்ந்து ஒவ்வொரு ரோவாகப் பிரித்திருக்கிறேன், நேரத்தை வைத்து ஊகித்து. ஊகித்தது அத்தனையும் சரிதானா என்று கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மேக்ஸ் ஐடியில் இன்னொரு கேடு, கடைசி ரோவை அழித்தால் அதன் எண் அடுத்து வருபவருக்குப் போய்விடும். பழைய எண்ணை வைத்து அனுப்பிய லிங்க், லாகில் எழுதிய வரி, வேறு டேபிளில் மிச்சமிருக்கும் குறிப்பு எல்லாம் இப்போது வேறொரு ஆளைக் காட்டும். எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸின் இயல்பே கிட்டத்தட்ட இதுதான் என்பது பலருக்குத் தெரியாது. அதில் இன்டிஜர் பிரைமரி கீ என்று மட்டும் எழுதினால் இருப்பதில் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டித்தான் தருகிறது, ஆட்டோஇன்கிரிமென்ட் என்ற சொல்லையும் சேர்த்தால்தான் ஒருமுறை பயன்பட்ட எண் மறுபடி வராது. மைஎஸ்கியூஎல்லும் இதில் நெடுநாள் தடுமாறியது. 5.7 பதிப்பு வரை, அதில் டேபிளைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி இந்தக் கவுன்டரை மெமரியில் மட்டுமே வைத்திருந்தது, சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் டேபிளில் இருக்கும் பெரிய ஐடியைப் பார்த்து அங்கிருந்து மறுபடி தொடங்கும். பழைய ரோக்களை ஆர்க்கைவ் டேபிளுக்கு நகர்த்திவிட்டு அசல் டேபிளைக் காலி செய்கிறவர்களுக்கு இது பெரிய அடி, ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் பழைய எண்களே திரும்ப வந்து அடுத்த முறை நகர்த்தும்போது ஆர்க்கைவில் மோதும். 2003-லேயே பதிவான பக் இது, 2018-ல் வந்த 8.0-ல்தான் கவுன்டரை டிஸ்கில் எழுதிவைக்கத் தொடங்கினார்கள். பதினைந்து வருடம்!

சேர்த்த ரோவின் ஐடியைத் திரும்ப வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் என்றால் இன்சர்ட்டின் கடைசியில் ரிட்டர்னிங் போடுங்கள். மைஎஸ்கியூஎல்லின் லாஸ்ட் இன்சர்ட் ஐடி உங்கள் கனெக்‌ஷனுக்கு மட்டுமே உரியது, பக்கத்துக் கனெக்‌ஷனின் எண் அதில் வராது, ஆனால் ஒரே க்வெரியில் பல ரோ சேர்த்தால் முதல் ரோவின் எண்தான் கிடைக்கும். எஸ்கியூஎல் சர்வரில் அட் அட் ஐடென்டிட்டியைத் தொடாதீர்கள், டேபிளில் யாராவது ஒரு ட்ரிகர் (எழுதும்போது தானாக ஓடும் கட்டளை) வைத்து அது வேறொரு டேபிளில் எழுதினால் அந்த டேபிளின் எண் உங்கள் கைக்கு வரும். ஸ்கோப் ஐடென்டிட்டி என்பதைப் பயன்படுத்துங்கள்.

போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு ஒரு பொறி உண்டு. பழைய டேட்டாவை ஐடியோடு சேர்த்து இம்போர்ட் செய்கிறீர்கள், எல்லா ரோவும் அழகாக உள்ளே வந்துவிடுகின்றன. ஆனால் சீக்வென்ஸுக்கு அது தெரியாது, அது இன்னும் 1-லேயே நிற்கிறது. முதல் ஆள் புதிதாகப் பதிவு செய்ய வந்ததும் டூப்ளிகேட் கீ என்று எரர். மறுபடி முயன்றால் 2, மறுபடி எரர். செட்வேல் போட்டு சீக்வென்ஸை மேலே தள்ளினால் சரியாகிவிடும். ஆனால் 2017-ல் வந்த பதிப்பு 10-லிருந்து சீரியல் என்ற பழைய ஆட்டோ ஐடி வகைக்குப் பதில் 'ஜெனரேட்டட் ஆல்வேஸ் ஆஸ் ஐடென்டிட்டி' என்று எழுதலாம், அப்படி எழுதினால் இன்சர்ட்டில் ஐடியைக் கையால் கொடுக்கவே விடாது, கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஓவர்ரைடிங் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புது டேபிள் எதற்கும் இப்போது நான் சீரியல் எழுதுவதே இல்லை.

சரி, பில் எண்ணில் ஓட்டை விழக் கூடாதே, கணக்குக் கேட்பார்களே என்றால், பில் எண் வேறு, ஐடி வேறு. பில் எண்ணுக்கு அர்த்தம் உண்டு, வரிசை உண்டு, அதற்கென்று ஒரு தனி கவுன்டர் டேபிள் வையுங்கள், பில் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அந்த ரோவை லாக் செய்து ஒன்றைக் கூட்டுங்கள். எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டிவரும்தான், ஆனால் அது பில் போடுகிற அந்த ஒரு இடத்தில் மட்டும்.

வரிசை எண் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கி செய்கிறது என்று நேச நாடுகள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கைப்பற்றிய டாங்கிகளின் பாகங்களில் இருந்த வரிசை எண்களைப் புள்ளியியலாளர்கள் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கை எளிமையாகச் சொன்னால், கிடைத்ததில் பெரிய எண்ணை எடுங்கள், அதை மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்து அதனோடேயே கூட்டுங்கள், ஒன்றைக் கழியுங்கள், மொத்தம் எத்தனை என்பதற்கு நல்ல மதிப்பீடு கிடைத்துவிடும். 1942 ஆகஸ்ட் மாதத்துக்கு உளவுத்துறையின் மதிப்பீடு 1550, வரிசை எண்ணை வைத்துப் போட்ட கணக்கு 327. போருக்குப் பிறகு ஜெர்மன் ஆவணங்களில் பார்த்தால் 342. உங்கள் தளத்தின் முகவரியில் வாடிக்கையாளர் எண் அப்படியே தெரிந்தால் இவ்வளவு கணக்குகூட வேண்டாம், மாதத் தொடக்கத்தில் ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு முறை பதிவு செய்து கழித்துப் பார்த்தால் போதும். எண்ணை மாற்றிப் போட்டு அடுத்தவரின் பக்கத்தைத் திறக்க முடிகிறது என்றால் அது வேறு விஷயம், அங்கே அனுமதிச் சோதனை இல்லை என்று அர்த்தம், ஐடியை மறைத்து வைத்து அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

இந்த இடத்தில்தான் எல்லோரும் யூயூஐடி என்ற நீளமான ஐடியின் பக்கம் போகிறார்கள். 128 பிட், பதிப்பு 4 என்றால் அதில் 122 பிட் முழுக்க ரேண்டம். எண் கொடுக்க ஒரு மையம் தேவையில்லை, நெட் இல்லாத கருவியிலேயே ஐடி பிறந்துவிடலாம், பிறகு சர்வரோடு சேர்க்கும்போது மோதாது. அந்தத் தேவை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பிரைமரி கீயாக வைக்கும்போது விலை உண்டு. முதலில், அதை 36 எழுத்து டெக்ஸ்டாகச் சேமிக்காதீர்கள், 16 பைட்டில் அடங்குவது அது. இன்னோடிபியில் டேபிளே பிரைமரி கீ வரிசையில்தான் டிஸ்கில் அடுக்கப்படுகிறது, மற்ற இன்டெக்ஸ் ஒவ்வொன்றும் பிரைமரி கீயைக் கூடவே சுமக்கிறது, ஆக கீ பருத்தால் எல்லாம் பருக்கும். அடுத்தது, வரிசை எண் என்றால் புது ரோ எப்போதும் கடைசிப் பக்கத்தில் (டிஸ்கில் ரோக்களைச் சேமிக்கும் கட்டில்) போய்ச் சேரும், அந்த ஒரு பக்கம் மெமரியில் இருந்தால் போதும். ரேண்டம் ஐடியோ ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று டேபிள் முழுவதும் விழும், நிறைந்திருந்த பக்கம் இரண்டாகப் பிளக்கும், பாதி காலியான பக்கங்கள் பெருகும். டேபிள் மெமரிக்குள் அடங்கும்வரை இது தெரியாது. அடங்காத நாளில் இன்சர்ட் ஏன் இப்படி இழுக்கிறது என்று தேட ஆரம்பிப்பீர்கள்.

யூயூஐடியின் பதிப்பு 7 இதற்கு நல்ல மருந்து. முதல் 48 பிட்டில் மில்லிவிநாடிக் கணக்கில் நேரம், மிச்சத்தில் பெரும்பகுதி ரேண்டம், அதனால் புதியவை ஏறக்குறைய வரிசையாகவே வரும். 2024 மே மாதம் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 9562-ல் முறைப்படி வந்தது, போஸ்ட்கிரெஸ் 18-ல் உள்ளேயே ஃபங்ஷன் இருக்கிறது. ரோ உருவான நேரம் ஐடியிலிருந்தே தெரிந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ட்விட்டர் 2010-ல் கொண்டுவந்த ஸ்னோஃபிளேக்கும் இதே யோசனைதான், ஆனால் 64 பிட்டுக்குள் சுருக்கியது: 41 பிட் நேரம், 10 பிட் எந்த மெஷின், 12 பிட் அந்த மில்லிவிநாடிக்குள் எத்தனையாவது, ஆக ஒரு மெஷின் ஒரு மில்லிவிநாடியில் 4096 ஐடி தரலாம். அதில் அவர்களுக்கு வந்த சிக்கல் நமக்கும் வரும். ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-க்கு மேல் முழு எண்ணைத் துல்லியமாக வைத்திருக்க முடியாது, பெரிய ஐடியின் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும், அதனால் ஐடியை ஸ்ட்ரிங்காகவும் (எழுத்தாகவும்) சேர்த்து அனுப்ப வேண்டியதாயிற்று. பிரவுசருக்குப் போகிற பெரிய ஐடி எதுவாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே ஸ்ட்ரிங்காக அனுப்பிவிடுங்கள்.

நான் இப்போது செய்வது, உள்ளே பிக்இன்ட் (64 பிட் முழு எண்) ஐடென்டிட்டி, வெளியே தெரிய வேண்டிய டேபிள்களுக்கு மட்டும் தனி ஃபீல்டில் ஒரு யூயூஐடி. டேபிள்களை இணைக்கும் ஜாயின் எல்லாம் சின்ன எண்ணில் ஓடும், முகவரியில் எண்ணிக்கை தெரியாது. இரண்டு ஐடி எதற்கு, பதிப்பு 7 ஒன்றே போதுமே என்று நண்பர்கள் சண்டை போடுகிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு லாகைப் பார்த்து ரோ 48213 என்று போனில் சொல்லிப் பாருங்கள், அந்த வசதியை விட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கருவி டேபிளுக்கு வருகிறேன். ஐடியை பிக்இன்ட் ஆக்கினோம், விநாடிக்கு 200 வீணானாலும் 146 கோடி வருடம் தாங்கும். ஆனாலும் க்வெரியையும் மாற்றினேன், முதலில் அப்டேட், எந்த ரோவும் மாறவில்லை என்றால் மட்டும் இன்சர்ட். அதிலும் ஒரு சிக்கல், வெப்பநிலை முன்பிருந்த அதே அளவாக இருந்தால் ரோ எதுவும் மாறவில்லை என்றுதான் மைஎஸ்கியூஎல் சொல்லும், உடனே இன்சர்ட்டுக்குப் போய் மறுபடி ஒரு எண் வீண். அளவு வந்த நேரத்தையும் சேர்த்து எழுதத் தொடங்கிய பிறகுதான் அது நின்றது.

எல்லாம் முடிந்தது என்று புதுக் கருவிகளைச் சேர்க்கப் போன நேரத்தில், கூட வேலை பார்த்தவர் எச்சரிக்கைகளைச் சேமிக்கும் டேபிளைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அதில் கருவியின் ஐடி இன்னும் இன்ட்டாகவே இருந்தது. அதைக் கருவி டேபிளோடு பிணைக்கும் ஃபாரின் கீ போட்டிருந்தால் வகை பொருந்தவில்லை என்று மைஎஸ்கியூஎல்லே தடுத்திருக்கும், நாங்கள் போடவில்லை. அந்தச் சர்வரில் ஸ்ட்ரிக்ட் மோடும் இல்லை, அப்படியென்றால் 2147483648 என்று எழுதப் போனால் எரர் வராது, கொள்ளும் பெரிய எண்ணான 2147483647 ஆகக் குறைத்து எழுதிவிடும். புதிதாக வரும் கருவிகளின் எச்சரிக்கை எல்லாம் மறுபடியும் அந்த ஒரே கருவியின் பெயரில் போய் விழுந்திருக்கும். அன்று மாலை அந்த ஃபீல்டையும் மாற்றி, ஸ்ட்ரிக்ட் மோடைப் போட்டு, அதற்கப்புறம்தான் அடுத்த கருவியைச் சேர்த்தோம். அதன் ஐடி 2147483647-ஐத் தாண்டியிருந்தது.